திகதி சொல்லாத தலைவர்

ஊர் இடம்பெயரும்போது ஊர்ச் சங்கத்தின் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் சனத்தோடு சனமாகவே இடம்பெயர்கின்றனர். கூட்டக் குறிப்புப் புத்தகம் சிலவேளை மூட்டைக்குள் வந்து சேரும், பலவேளை வராது. போய்ச் சேர்ந்த இடம் பாடசாலை மண்டபமாக இருந்தாலும் தறப்பாள் கொட்டிலாக இருந்தாலும் முதற் கிழமைக்குள்ளேயே ஒரு கேள்வி அவர்களைத் தேடி வந்துவிடும்: "தலைவர் அண்ணை, எப்ப ஊருக்குப் போறது?"

இந்தக் கேள்விக்கு எமது தலைவர்களிற் பலர் கொடுக்கும் பதிலே பின்னால் வரும் தொல்லைகளுக்கு வித்தாகிறது என்பது எனது கருத்து. "பொங்கலுக்கு முன்னம் போயிடலாம்" என்பார் ஒருவர். "அடுத்த மாசம் விடுவினமாம், கச்சேரியிலை கதைச்சவை" என்பார் இன்னொருவர். சொல்பவரின் மனத்தில் வஞ்சகமில்லை. கலங்கி நிற்பவர்களுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றே சொல்கிறார். ஆனால் கமக்காரனுக்குத் திகதி என்பது வெறும் ஆறுதல் வார்த்தையன்று. அவன் அதை நம்பித் தொழிலைத் திட்டமிடுகிறவன். அடுத்த மாதம் ஊருக்குப் போவதென்றால் இங்கே கத்தரி நடுவதில் பயனில்லை. பயற்றை ஊன்றிப் பந்தல் போடுவதில் பயனில்லை. குத்தகைக்கு ஒரு துண்டுக் காணி கேட்கவும் தேவையில்லை. பிள்ளையை இங்குள்ள பள்ளிக்கூடத்திற் சேர்க்கவும் அவசரமில்லை. திகதி பொய்த்துப் போகும்போது ஒரு போகமும் அதனோடு போய்விடுகிறது. இரண்டாம் முறை பொய்த்தால் தலைவரின் சொல்லுக்கு இருந்த மதிப்பும் போய்விடுகிறது. அதன்பின் அவர் உண்மையைச் சொன்னாலும் கேட்க ஆளில்லை.

நடந்தவற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களிற் பல, 25 ஆண்டுகளுக்குப் பின்னரும் நலன்புரி நிலையங்களிலேயே இருந்தன. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் 1996 ஏப்ரல், மே மாதங்களில் வீடு திரும்பினர். வன்னிக்குச் சென்றவர்கள் பலர் அங்கிருந்தும் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். ஒரே ஒழுங்கையிலிருந்து ஒரே இரவில் வெளிக்கிட்ட இரு அயலவருக்கு இரண்டு வேறு முடிவுகள். அன்றிரவு எந்தத் தலைவரால் எதைச் சொல்லியிருக்க முடியும்?

அப்படியானால் தலைவர் வாயை மூடிக்கொண்டிருப்பதா? அதுவும் தவறு. தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு, இந்தக் கிழமை நாம் செய்யக்கூடியது இவ்வளவு, அடுத்த கூட்டம் ஞாயிறு பின்னேரம் என்று அவர் சொல்லலாம். ஊருக்குத் திரும்பும் திகதி அவர் கையில் இல்லை. கூட்டத்தின் திகதி அவர் கையில் இருக்கிறது. அதைத் தவறவிடாமல் காப்பாற்றினாலே மக்கள் பிடித்து நிற்பதற்கு ஒன்று கிடைக்கிறது. புதிதாகச் சொல்வதற்கு எதுவும் இல்லாத கிழமையிலும் கூட்டம் நடைபெற வேண்டும். "இந்தக் கிழமை ஒரு புதினமும் இல்லை" என்று பத்துப் பேர் முன்னிலையிற் சொல்வதும் ஒரு செய்திதான். வதந்திக்கு அது மருந்து.

இவ்வாறு நடந்துகொள்வதற்கு நாம் வெளியிலே பாடம் தேட வேண்டியதில்லை. குளத்தின் கீழ் நெல் விதைத்த எவருக்கும் இது தெரியும். சிறுபோகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லப்படுகிறது. அத்தண்ணீர் முழு வயலுக்கும் போதாதென்றால், போதுமான அளவு ஏக்கரை மட்டும் விதைப்பதென்று தீர்மானித்துப் பங்கு பிரிக்கிறார்கள். வரண்ட வலயத்துச் சிங்களக் கிராமங்களில் இதற்குப் 'பெத்ம' என்று பெயர். குளத்துக்கு அண்மையிலுள்ள வயலை மட்டும் அந்தப் போகத்துக்கு எல்லோரும் பகிர்ந்து செய்வார்கள். கடைசி வாய்க்காலில் காணி உள்ளவனுக்கும் ஒரு துண்டு கிடைக்கும். போகம் முடிந்ததும் அவரவர் காணி அவரவருக்கு.

இங்கே மழை வரும் என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. கையிலுள்ள தண்ணீரை வைத்தே முடிவு எடுக்கப்படுகிறது. விதைப்புக்கு முன்னரே, எல்லோரும் பார்த்திருக்க, நட்டமும் பங்கிடப்படுகிறது. வட்டவிதானையாரின் வயலுக்கு இரவில் மேலதிகமாக ஒரு மணித்தியாலம் தண்ணீர் பாய்ந்தால் மறுநாள் அணைக்கட்டில் யாரும் அவர் பேச்சைக் கேட்கமாட்டார்கள்.

முகாமிலும் நிலைமை வேறல்ல. ஐம்பது குடும்பங்களுக்கு முப்பது தறப்பாள் வந்தால் எந்த முறைப்படி கொடுப்பது என்பதை வண்டி வருமுன்பே கூட்டத்தில் முடிவு செய்துவிட வேண்டும். வந்து இறக்கிய பின் முடிவு செய்தால் அது சண்டையாகும். தலைவரின் கொட்டிலுக்கு முதலிலேயே புதுத் தறப்பாள் ஏறினால் அவருடைய ஒரு வருடச் சேவை அன்றே கணக்கிலிருந்து கழிந்துவிடும். (எமது சங்கங்கள் சில, நிறுவனங்களுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதிக் கொடுக்கும் கந்தோர்களாகிவிட்டன என்பதையும் மனவருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.)

நீண்ட காலம் நின்றுபிடிப்பது பற்றி இரணைதீவு மக்களிடம் கேட்கலாம். அவர்கள் கடற்றொழிலாளர், நாம் கமக்காரர். ஆயினும் மண்ணை விட்டுப் பிரிந்த துயரம் ஒன்றே. 1992இல் தீவை விட்டு வந்து, பெருநிலப்பரப்பில் இரணைமாதாநகரில் வாழ்ந்தவர்கள், 2017 மே 1ஆம் திகதி அங்கே தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். ஏறத்தாழ ஒரு வருடம் அது நீடித்தது. பெண்கள் முன்னின்றனர். 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வள்ளங்களில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு தாமே தீவிற் போய் இறங்கினர். அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையிலுள்ள மக்கள் ஒரு பந்தலை ஒரு வருடம் காப்பதென்றால், முறைவைத்து இருக்காமல் அது நடவாது. ஒருவரின் வீரத்தில் தொங்கும் போராட்டம் அவருக்குக் காய்ச்சல் வந்த அன்றே முடிந்துவிடும்.

ஆகவே தலைவர் செய்யவேண்டிய முதல் வேலைகளில் ஒன்று, தனக்குத் தெரிந்ததை இன்னும் இருவருக்குத் தெரியப்படுத்துவது. பிரதேச செயலகத்துக்குத் தனியே போகாமல் ஓர் இளைஞனையோ மாதர் சங்கத்துப் பெண் ஒருவரையோ கூட்டிச் செல்லட்டும். கடிதப் பிரதி ஒருவரிடமும் பணக் கணக்கு வேறொருவரிடமும் இருக்கட்டும்.

இன்னொரு வேலையும் உண்டு. இதைப் பலர் தள்ளிப்போடுகின்றனர். ஊரிலுள்ள காணிகளின் எல்லைகளை எழுதிவைப்பது. வேலி உக்கி, கிணறு தூர்ந்து, பனை முறிந்தபின் எல்லை எதுவென்று சொல்ல முதியவர்களின் நினைவுதான் மிச்சம். உறுதிக் காணியை வேறொருவர் 10 ஆண்டுகள் தடையின்றி ஆண்டுவந்தால் உரிமை கோர எமது நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. போரினால் தம் காணிக்குப் போகமுடியாதவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கிற் சேர்க்காது விட வழி செய்தது. ஆனால் வழக்குத் தொடர அது கொடுத்த அவகாசம் இரண்டு வருடங்களே. காணி விபரம் கையில் இல்லாதவருக்கு இரண்டு வருடம் ஓடித்திரியவே காணாது.

கூட்டம் கூடும் ஞாயிறுகளில் ஒரு கொப்பியை எடுத்து, ஒரு நாளைக்கு ஐந்து காணி வீதம் எழுதலாம். கிழக்கே யார், மேற்கே யார், கிணற்றில் எத்தனை பங்கு, வாய்க்கால் எப்பக்கத்தால் வந்தது என்று முதியவர்கள் சொல்ல, பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒன்று எழுதட்டும். அயற்காணிக்காரர் இருவரும் பக்கத்தில் இருக்கும்போதே எழுதுவது நல்லது.