பெறுபேற்று நாளும் முகநூலும்

க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாளில் நம் மாணாக்கர் படும் பாட்டினை ஆசிரியத் தொழில் பூண்டோர் நன்கறிவர். முன்னாளிலே பெறுபேற்றுத் தாள் பாடசாலை அறிவித்தற் பலகையில் ஒட்டப்படும். சென்று பார்த்தோர் பார்த்தனர். குறைந்த பேறு பெற்ற பிள்ளை வீடு சென்று அழுது தீர்த்தது. மூன்றாம் நாள் தந்தையோடு தோட்டத்துக்கு நீரிறைக்கப் போயிற்று. இன்றோ பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெறுபேறு ஏறிய சிறுபொழுதிலேயே, 9 ஏ பெற்ற பிள்ளைகளின் நிழற்படங்கள் பாடசாலை இலச்சினையோடும் மலர்மாலையோடும் முகநூலெங்கும் நிரம்பிவிடுகின்றன. மூன்று பாடங்களில் மட்டும் சித்தியெய்திய பிள்ளையின் கையிலும் அதே கருவிதான் இருக்கின்றது. அன்றைக்கு அப்பிள்ளைக்கு ஒதுங்கியிருக்க ஓரிடமில்லை.

சமூக ஊடகம் மனநலத்தைக் கெடுக்குமா என்னும் வினாவுக்கு அறிஞர் ஒருமித்து விடை கூறினாரல்லர். 2019ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர் 3,50,000க்கும் மேற்பட்ட இளையோர் பற்றிய தரவுகளை ஆராய்ந்து, அவர்தம் மனநலனிற் காணப்படும் வேறுபாட்டில் 0.4 வீதத்துக்கு மேற்பட்ட பங்கு இக்கருவிகளின் பயன்பாட்டோடு தொடர்புடையதன்று என எழுதினர். இதனைக் கொண்டு, கேடொன்றுமில்லை எனத் துணிவோரும் உளர். அத்துணிபு எமக்கு உடன்பாடன்று. வகுப்பின் சராசரிப் புள்ளி 60 என்றவிடத்து 20 புள்ளி பெற்ற பிள்ளை அவ்வெண்ணினுள் மறைந்துபோதலை ஆசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மறைந்துபோன பிள்ளைகள் உளர் என்பதற்குச் சான்றும் உண்டு. 2021ஆம் ஆண்டில் பிரான்சிஸ் ஹௌகன் என்னும் முன்னாள் ஊழியர் வெளிப்படுத்திய முகநூல் நிறுவனத்தின் உள்ளகத் தாள்களில் ஒன்று, தம் உடற்றோற்றத்தை எண்ணி ஏலவே மனங்குன்றிய இளம் பெண்களுள் மூவரில் ஒருவர்க்கு அக்குறையை இன்ஸ்ரகிராம் மிகுவிக்கின்றது எனக் காட்டிற்று. தாள்களுக்குப் பொருள் பிறழக் கூறப்பட்டதென நிறுவனத்தார் வாதாடினர். 2017ஆம் ஆண்டில் இலண்டனில் 14 வயதுச் சிறுமியொருத்தி தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள். 2022ஆம் ஆண்டில் தீர்ப்புரைத்த மரண விசாரணை அதிகாரி, அவள் இத்தளங்களிற் கண்டவை அச்சாவுக்குப் புறக்கணிக்கத்தகாத அளவிற் காரணமாயின என்றார்.

இவ்வூடகத்தின் அமைப்பினையும் சற்று நோக்குதல் வேண்டும். ஏட்டுச்சுவடிக்கும் அச்சு நூலுக்கும் ஈற்றுப் பக்கம் உண்டு. அங்கே கண்ணும் கையும் ஓய்வு பெறும். கைப்பேசித் திரையோ தள்ளத்தள்ள முடிவின்றி வருவது. அவ்வமைப்பினை 2006ஆம் ஆண்டில் வகுத்த ஏசா ரஸ்கின் என்பவரே பின்னர் அதற்காக வருந்தினார். 2009இல் முகநூலில் விருப்பக்குறி புகுந்தது. அதுமுதல் ஒருவர் பெற்ற பாராட்டினை எண்ணிப்பார்த்துப் பிறர் எண்ணோடு ஒப்பிடல் எளிதாயிற்று. அழுக்காறு உலகத்துக்குப் புதிதன்று. ஆயின் அதற்கு நாடோறும் கணக்கு வைத்துக் கொடுப்போர் முன்பு இலர்.

2012ஆம் ஆண்டுத் தை மாதத்தில் ஒருவார காலம், 6,89,003 பேருடைய முகநூற் பக்கங்களில் மகிழ்ச்சிச் செய்திகளையோ துயரச் செய்திகளையோ குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதும் சொற்கள் எங்ஙனம் மாறுகின்றன என அந்நிறுவனத்தார் சோதித்தனர். சோதனை நிகழ்வது அவர்களுட் பலர்க்கும் தெரியாது. மாற்றம் மிகச் சிறிதே எனப் பின்னர் வெளியான கட்டுரை கூறிற்று. சிறிதாகுக, கேளாது பிறர் உள்ளத்திற் கைவைக்கும் துணிவு சிறிதன்று.

திருவள்ளுவர் நட்பின் பொருட்டு ஐந்து அதிகாரங்கள் வகுத்து, அவற்றுள் ஒன்றை நட்பாராய்தலுக்கென்றே ஒதுக்கினார். முகநூலில் ஆராய்தல் ஒரு விரலழுத்தத்தோடு முடிகின்றது. ஒருவர் 5,000 நண்பர்வரை கொள்ளலாம் என்பது அதன் விதி. அச்சொல்லை அவர்களிடமிருந்து மீட்டல் இனி அரிது போலும்.

இவ்வளவு கூறினும் கருவியை எறிந்துவிடுக என யாம் கூறோம். பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் வாழ, வன்னியிலே தனித்திருக்கும் முதிய தாய்க்குப் பேரப்பிள்ளையின் முகத்தைக் காட்டுவதும் அக்கருவியே. அவள் மனநலத்துக்கு அது மருந்தாகும்.

16 வயதுக்குட்பட்டோர் இத்தளங்களிற் கணக்கு வைத்திருத்தலைத் தடுக்கும் சட்டத்தை 2024இல் இயற்றிய அவுஸ்திரேலியா, 2025 மார்கழி 10ஆந் திகதி முதல் அதனை நடைமுறைப்படுத்திற்று. நம் நாட்டிலும் அங்ஙனஞ் செய்க என்பார் உளர். செய்யினும் சட்டம் பிள்ளையைத் தடுக்குமேயன்றி, அப்பிள்ளையின் பெறுபேற்றுத் தாளைப் படம்பிடித்து இடும் தந்தையைத் தடாது. பாடசாலைப் பக்கத்திலே படங்களை அடுக்குவோர் மாணாக்கர் அல்லர்; நம்மையொத்த ஆசிரியர்களே. தனியார் கல்வி நிலையத்தார்க்கோ அது விளம்பரம்.

ஆதலின் அதிபர்கள் அடுத்த பெறுபேற்றுக்கு முன்னரே கூடி, முதற் கிழமையில் எப்பிள்ளையின் படத்தையும் இடுவதில்லையென உடன்படலாம். பாராட்டு விழாவைப் பின்னர் மண்டபத்திலே நடத்தினால் 9 ஏ பெற்றவர்க்கு ஒரு குறையும் வாராது. அக்கிழமையில் வகுப்பாசிரியர், பேறு குன்றிய பிள்ளைகளின் வீடுகளுக்கு நேரிற் சென்று, மீளத் தோற்றும் வழியையும் தொழில்நுட்பக் கல்லூரிகளில் உள்ள நெறிகளையும் எடுத்துரைத்தல் வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசிச் சேவைக்கு 1926 என்னும் எண் உண்டு. அவ்வெண்ணை அறிவித்தற் பலகையிலே, பெறுபேற்றுத் தாளுக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுதிவைக்க ஒரு வெண்கட்டி போதும்.