கைப்பிரதிகள் உறங்கலாமா?

"உமறுப் புலவருக்கு ஒரு சீதக்காதி இருந்தார், நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்று எழுதத் துடிக்கும் இளைஞர் பலர் ஏங்குகின்றனர். வள்ளல் இல்லாமலும் எழுத்து அச்சேறும் என்பதற்கு நம் தாமிரபரணிக் கரையிலேயே சான்று உண்டு.

தேங்காய்ப்பட்டணத்தில் 1944இல் பிறந்து, நெல்லையில் மிளகாய் வற்றல் வணிகம் செய்தவர் மர்ஹூம் தோப்பில் முஹம்மது மீரான். மலையாள வழியில் பயின்றவராதலால், அவர்தம் தொடக்க கால ஆக்கங்கள் பிறர் துணையோடுதான் தமிழ்ப் பிரதியாயின. 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' முஸ்லிம் முரசு இதழில் தொடராக வெளிவந்து, 1988இல் நூலாயிற்று. 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

படியெடுக்க ஒரு கை, பக்கம் ஒதுக்க ஓர் இதழ்: அவருக்கு வாய்த்த துணை இவ்வளவே. ஸ்ரீவைகுண்டம் போன்ற சிற்றூரின் ஜமாஅத்தும் இத்தகைய துணையைத் தர இயலும். மாதம் ஒருமுறை மதரஸாவில் கூடி, ஒருவர் படிக்க மற்றவர் கேட்டுத் திருத்தலாம். வீட்டிலிருந்தே எழுதும் சகோதரியரின் பிரதிகளைக் கணினியில் தட்டச்சு செய்து இதழ்களுக்கு அனுப்பலாம்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு குறிப்பேடு உறங்கக்கூடும். அதை எழுதிய பிள்ளையிடம், "படித்துக் காட்டு, கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். முதல் ஆதரவு அதுவே.