மூலப்பதிவை அழித்துவிடாதேயுங்கள்



சில மாதங்களுக்கு முன், இங்கே மும்பையில் எங்கள் சபைச் சகோதரர் ஒருவர் கைபேசியுடன் என் வீட்டிற்கு வந்தார். ஊரிலிருந்த அவருடைய தாயார், கர்த்தருக்குள் நித்திரையடைவதற்குச் சில வாரங்களுக்கு முன், பேரப்பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாய்ச் சொல்லி ஜெபித்திருக்கிறார். உறவினர் ஒருவர் அதை வீடியோவாக எடுத்து அனுப்பியிருந்தார். “ஐயா, வருஷ நினைவு ஜெபக்கூட்டத்தில் இதைப் பெரிய திரையில் காட்ட வேண்டும்” என்றார். திரையில் போட்டோம். தாயாரின் முகம் கட்டங்கட்டமாகச் சிதைந்து, கண் எது, கன்னம் எது என்று தெரியவில்லை. எடுத்தவரிடம் மூலப்பதிவைக் கேட்டோம். “அதுதான் அனுப்பிவிட்டோமே என்று அழித்துவிட்டேன், கைபேசியில் இடம் போதவில்லை” என்றார். எஞ்சியது செயலி வழியாகச் சுருங்கி வந்த பிரதி மாத்திரமே.

பிரியமானவர்களே, சுருக்கத்தில் தொலைந்த நுணுக்கத்தை எந்த மென்பொருளும் உள்ளபடி திரும்பத் தராது. இக்காலத்து மென்பொருள் ஊகித்து வரையும். ஆனால் அது உங்கள் தாயாரின் முகமல்ல. ஆகவே இந்த மாதம், வீடியோவை எந்த வடிவில் வைப்பது, எங்கே எப்படி அனுப்புவது என்பதைப் பார்ப்போம்.

பெட்டியும் மடிப்பும்

ஊருக்குப் புறப்படும்போது பெட்டியில் துணிகளை அடுக்குகிறோம். எம்பி4, எம்.ஓ.வி. என்பவை பெட்டியின் பெயர்கள். உள்ளே துணியை மடித்திருக்கும் முறைக்கே கோடெக் என்று பெயர். பெட்டி ஒன்றாயிருந்தாலும் மடிப்பு வேறாக இருக்கலாம். “எம்பி4 தானே, ஏன் எங்கள் டி.வி.யில் ஓடவில்லை?” என்று கேட்கிறவர்களுக்கு விடை இதுவே.

2003-இல் வந்த எச்.264 என்ற மடிப்பை ஏறக்குறைய எல்லாக் கைபேசிகளும் கணினிகளும் டி.வி.களும் பிரிக்கும். 2013-இல் வந்த எச்.265 ஏறத்தாழ பாதி அளவிலேயே அதே தெளிவைத் தரும். ஆனால் பழைய டி.வி.களுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. 2017 முதல் ஐபோன்கள் பல தாமாகவே எச்.265-இல்தான் பதிவு செய்கின்றன. யாரிடம் என்ன கருவி இருக்கிறதென்று தெரியாதபோது எம்பி4 பெட்டி, எச்.264 மடிப்பு, ஏ.ஏ.சி. ஒலி என்று தெரிந்தெடுங்கள்.

ஓர் எளிய கணக்கு

எக்ஸ்போர்ட் செய்யும்போது பிட்ரேட் எவ்வளவு என்று கேட்கும். ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் செலவிடலாம் என்பதே கேள்வி. 8 மெகாபிட் சேர்ந்தது ஒரு மெகாபைட். ஆகவே பிட்ரேட் 8 என்றால் நொடிக்கு 1 எம்.பி.; நிமிஷத்திற்கு 60 எம்.பி.; ஒரு மணி நேரத்திற்கு 3.6 ஜி.பி. இந்தக் கணக்கு தெரிந்தால் அளவை முன்னதாகவே அறிந்துகொள்ளலாம்.

எங்கே, எப்படி?

1. யூடியூப்: 1920×1080 அளவு, பிட்ரேட் 8. நொடிக்கு 24 முதல் 30 ஃபிரேம் உள்ள சாதாரணப் பதிவுகளுக்கு யூடியூப்பே பரிந்துரைக்கும் அளவு இது. 1280×720 என்றால் 5 போதும். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். 25 ஃபிரேமில் எடுத்ததை 25-ஆகவே கொடுங்கள். 30-ஆக மாற்றினால் அசைவு தடுமாறும். யூடியூப் தன் பங்கிற்கு மறுபடியும் சுருக்கும். ஆகையால் நீங்கள் முன்னதாகவே அதிகம் சுருக்கிவிடாதேயுங்கள்.

2. வாட்ஸ்அப்: சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருங்கும். எச்.டி. என்பதைத் தொட்டாலும் சுருக்கம் குறையுமேயன்றி நீங்காது. உள்ளபடியே போக வேண்டுமானால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், 2 ஜி.பி. வரை போகும். ஆனால் ஊரிலுள்ள பெரியவர்கள் கைபேசியில் பார்ப்பதற்கு அவ்வளவு வேண்டியதில்லை. 1280×720, பிட்ரேட் 2 என்று தனிப்பிரதி எடுத்தால் மூன்று நிமிஷம் 45 எம்.பி.யில் அடங்கும்.

3. பென் டிரைவ் வழியாக டி.வி.: பென் டிரைவ் பல எஃப்.ஏ.டி.32 என்ற முறையில் அமைக்கப்பட்டவை. அதில் ஒரே கோப்பு 4 ஜி.பி.க்கு மேற்படக் கூடாது. ஒன்றரை மணி நேரக் கலியாண ஆராதனை பிட்ரேட் 8-இல் 5.4 ஜி.பி. ஆகிவிடும், பென் டிரைவில் எவ்வளவு இடமிருந்தாலும் ஏறாது. பிட்ரேட்டை 5 ஆக்கினால் ஏறக்குறைய 3.4 ஜி.பி.யில் முடியும்.

4. ரீல்ஸ், ஷார்ட்ஸ்: இவற்றிற்கு நெடுக்குவாட்டமான 1080×1920. அகலமாக எடுத்த குடும்பப் படத்தை வெட்டி நெடுக்காக்கினால் ஓரத்தில் நிற்கும் தாத்தாவும் பாட்டியும் மறைந்துபோவார்கள். நெடுக்கு தேவையென்றால் எடுக்கும்போதே தனியாக எடுங்கள்.

இன்னொன்று. பழைய கலியாண டி.வி.டி. நம் நாட்டில் பெரும்பாலும் 720×576 அளவுடையது. அதை 1920×1080 என்று எக்ஸ்போர்ட் செய்வதால் இல்லாத தெளிவு வந்துவிடாது, கோப்புதான் பெருக்கும்.

பிரதிகள் பல, மூலம் ஒன்று

இவை யாவும் பிரதிகளைப் பற்றியவை. கைபேசியோ கேமராவோ முதலில் பதித்ததை மாற்றாமல், ஒரு ஹார்ட் டிஸ்கிலும் வேறொரு வீட்டிலுள்ள இன்னொரு டிஸ்கிலுமாக இரண்டு இடங்களில் வையுங்கள். தேவைப்படும்போதெல்லாம் அதிலிருந்தே பிரதி எடுங்கள். பிரதியிலிருந்து பிரதி எடுக்காதேயுங்கள். கைபேசியில் இடம் வேண்டுமானால், இரண்டு இடங்களிலும் திறந்து ஓட்டிப் பார்த்த பின்பே அழியுங்கள்.

அந்தச் சகோதரரின் காரியம் என்னவாயிற்று? படம் சிதைந்திருந்தபோதிலும் குரல் தெளிவாகவே இருந்தது. ஒலியை மாத்திரம் பிரித்தெடுத்து, தாயாரின் பழைய புகைப்படம் ஒன்றைத் திரையில் நிறுத்தி, அதன்மேல் குரலை ஒலிக்கச் செய்தோம். தன் பெயர் வந்தவுடன் கடைசிப் பேத்தி, “ஆச்சி என்னைக் கூப்பிடுறாங்க” என்று எழுந்து நின்றாள். கூடியிருந்தவர்களில் கண் கலங்காதவர் இல்லை. ஆயினும் அந்தச் சகோதரர் கூட்டம் முடிந்தபின் என்னிடம், “முகமும் இருந்திருக்கலாம் ஐயா” என்றார்.

உங்கள் பெற்றோரின் வீடியோக்கள் இப்போது யாருடைய கைபேசியில் இருக்கின்றன? அவர் இடம் போதாமல் அழிக்குமுன், இன்றிரவே கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.