ஒரு சாக்குக்கட்டிக் கோடு

புதுக்கோட்டைக்காரர்களுக்கு மோட்டார் விஷயத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. 1912-ஆம் வருஷத்தில் ஸ்ரீ டி. வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் ஓட்ட ஆரம்பித்தபோது, தஞ்சாவூருக்கும் எங்கள் ஊருக்கும் இடையேதான் ஓட்டினார். ஆகவே யந்திர ஞானம் எங்களுக்குப் பிறவியிலேயே வந்துவிடுகிறது என்று நாங்கள் பேசிக்கொள்வது வழக்கம். அந்தக் கர்வம் எனக்கு எப்படி அடங்கியது என்பதை நேயர்களிடம் சொல்லிவிடுவதே நல்லது.

என் தகப்பனாரின் மகிந்திரா ஜீப் எங்கள் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனியார் யுத்தத்துக்காகச் செய்த வண்டியின் வம்சம் அது. 1940-களின் இறுதியில் பம்பாயில் அதைப் பூட்டி விற்கத் தொடங்கி, பிறகு நம் நாட்டிலேயே செய்தார்கள். அப்பா அதில் ஆலங்குடிப் பக்கத்து நிலத்துக்கு விதைக்கடலை மூட்டை ஏற்றிப் போவார். அவர் காலமான பிறகு ஐந்து வருஷம் அது அசையவில்லை. சென்ற பொங்கலன்று அம்மா, "அந்த வண்டியில் ஒரு தடவை ஊருக்குப் போய்வந்தால் தேவலை" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

பட்டறையில் கியர் பெட்டியை இறக்கி, தேய்ந்த பல்சக்கரங்களையும் பேரிங்குகளையும் மாற்றினார்கள். என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்குள் போய்ச் சேர்ந்தது. மேஸ்திரிக்குக் கையாளாக இருந்தவன் என் பழைய மாணாக்கன். ஒன்பதாம் வகுப்பில் அவனிடம், "உனக்குக் கணக்கு வராது, அப்பா" என்று நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது பிராப்பல்லர் ஷாப்ட் என்னும் நீண்ட குழாய். பள்ளம் மேட்டில் பின் அச்சு ஏறி இறங்குமல்லவா? அதற்கு இசைந்து கொடுக்க, குழாயின் இரு முனையிலும் கரும்புக் கணுபோல ஒவ்வொரு ஜாயிண்ட் உண்டு. தூரம் கூடிக் குறைவதற்கு ஈடாகக் குழாயே இரண்டு துண்டாக இருந்து, பல்வெட்டின்மேல் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போனேன். அந்த ஷாப்ட் தரையில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தது. சுத்தம் சோறு போடும் என்று நித்தியம் போதிக்கிறவன் நான். மூடியைத் திருகி, இரண்டு துண்டாக இழுத்து, டீசல் விட்டுத் துணியால் துடைத்துப் பளபளக்கச் செய்து, மறுபடி சொருகி வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் பையன் சாமான் வாங்கப் போயிருந்த சமயத்தில் மேஸ்திரியே அதை வண்டியில் மாட்டினார்.

திருச்சி ரஸ்தாவில் வெள்ளோட்டம் விட்டோம். முப்பது கிலோமீட்டர் வேகம் வரையில் சங்கீதம். நாற்பதைத் தாண்டியதும் தாண்டவம். நார்த்தாமலைப் பக்கம் போவதற்குள், பின்னால் வந்த ஒரு லாரி கண்ணாடியில் மூன்று லாரியாகத் தெரிந்தது. திரும்பி வந்ததும் மேஸ்திரி, "கியர் பெட்டிக்குள்ளேதான் கோளாறு. இந்தப் பயல் பேரிங்கைச் சரியாக உட்காரவைக்கவில்லை. மறுபடி இறக்க வேண்டியதுதான்" என்றார். பையனைப் பார்த்து, "நாளையிலிருந்து நீ வரவேண்டாம்" என்றார். நானும் என் பங்குக்கு, "படிக்கிற காலத்திலேயே இவனுக்குக் கவனம் போதாது" என்றேன்.

பையன் பதில் பேசவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனான். சற்றுக் கழித்து வெளியே வந்து, "ஸார், நான் போட்ட கோட்டைக் காணோம்" என்றான்.

"என்ன கோடு?"

"சாக்குக்கட்டிக் கோடு, ஸார். ஷாப்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால், சறுக்குகிற இடத்தில் இரண்டு துண்டுக்கும் சேர்த்துக் குறுக்கே போட்டிருந்தேன்."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நான் துடைத்தது வேறு ஒருவருக்கும் தெரியாது, சும்மா இருந்துவிடலாம். அரை நிமிஷம் சும்மாவும் இருந்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.

காரணம் இதுதான். ஜாயிண்ட் சாய்ந்து சுழலும்போது, முன்பக்கம் ஒரே வேகத்தில் சுற்றினாலும் பின்பக்கம் அப்படிச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். சாய்வு 10 டிகிரியானால் இந்த வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. ஷாப்ட்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருந்து, இரு ஜாயிண்டுகளின் சாய்வும் சமமாக இருந்தால், முதல் ஜாயிண்ட் செய்த குற்றத்தை இரண்டாவது நிவர்த்தி செய்துவிடும். கால் சுற்றுத் திருப்பிச் சொருகினாலோ, குற்றம் இரட்டிக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஜீப்பின் ஷாப்ட் விநாடிக்கு 30 தடவைக்கு மேல் சுற்றும். அப்புறம் தாண்டவத்துக்குக் கேட்பானேன்?

இந்த ஜாயிண்டுக்கு ஹூக் ஜாயிண்ட் என்றும் பெயர். 17-ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த அதே ராபர்ட் ஹூக்கின் ஸ்பிரிங் விதியை இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறவன் நான். அவர் பெயரையே மறந்துவிட்ட பையன், அவருடைய கணுவுக்கு ஒரு கோடு போட்டுவைத்தான். நான் அதை அழித்தேன்.

பையன் துருவைச் சுரண்டினான். தொழிற்சாலையில் போட்ட அம்புக்குறிகள் இரு துண்டிலும் தெரிந்தன. கோபித்துக்கொண்ட சம்பந்திகள்போல ஒன்று கிழக்கேயும் மற்றொன்று தெற்கேயும் பார்த்துக்கொண்டிருந்தன. ஷாப்ட்டைக் கழற்றி, அம்புக்கு நேர் அம்பாகச் சொருகி, போல்ட்டுகளை முடுக்கினான். அரை மணி நேர வேலை. கியர் பெட்டியை யாரும் தொடவில்லை. மறுபடி ரஸ்தாவில் விட்டோம். வண்டி 60-லும் ஆடவில்லை.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு எட்டு மணிக்கே வந்துவிடு" என்று பையனிடம் சொன்னார். அது அவருடைய மன்னிப்பு. என்னுடையதை நான் வாய்விட்டே கேட்டேன். "கணக்கு வராது என்று சொன்னதும் தப்புத்தான்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "அது வராது என்பது நிஜந்தான், ஸார். கோடு போட மட்டும் வரும்" என்றான்.

பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம்: எதையும் கழற்றுமுன் அடையாளம் போடுங்கள், பிறர் போட்ட அடையாளத்தை, அது என்னவென்று கேட்காமல் துடைக்காதீர்கள். வகுப்பறையிலும் இந்த இரண்டாவது விதியைக் கைக்கொள்ள இப்போது முயன்று வருகிறேன்.

அடுத்த ஞாயிறன்று அம்மாவை ஊருக்கு அழைத்துப் போனேன். பையனையும் அம்மா வற்புறுத்திப் பின்னால் ஏற்றிக்கொண்டாள். வழி நெடுக அவள் ஒன்றும் பேசவில்லை. கடலைக் கொல்லை கண்ணில் பட்டதும், "அப்பா ஓட்டும்போது இதைவிட அதிகமாக ஆடும்" என்றாள்.