ஒரு கல்லில் இரு மாங்காய்

ஒரு கல்லில் இரு மாங்காய் வீழ்த்தும் ஆசை மாந்தர்க்கு இயல்பு. மின்னணு விளையாட்டுக் கருவிகளை விற்போர் அவ்வாசையை நன்கு அறிவர். விளையாடவும் செய்யலாம், இல்லத்தில் இருந்தவாறே திரைப்படமும் காணலாம் என்பர். அக்கூற்று எத்துணை மெய் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

2000 மார்ச்சில் சோனி நிறுவனம் ஜப்பானில் 39,800 யென் விலையில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் 2, டி.வி.டி. தகடுகளையும் இயக்கியது. பல இல்லங்களில் முதல் டி.வி.டி. கருவியாக அமைந்தது அதுவே. 2001இல் வந்த நிண்டெண்டோவின் கேம்கியூப் திரைப்படத் தகடுகளை ஏற்கவில்லை. அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸில் படம் காணத் தொலைவியக்கியைத் தனி விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. வீட்டை விற்றுவிட்டுச் சாவிக்கு வேறு விலை கேட்பது போன்றதன்றோ இது?

2006இல் அமெரிக்காவில் சாம்சங் நிறுவனத்தின் புளூ-ரே கருவி 999 டாலருக்கு விற்றது. அதே தகட்டை இயக்கிய பிளேஸ்டேஷன் 3இன் விலையோ 499, 599 டாலர்களே. எக்ஸ்பாக்ஸ் 360 எச்.டி. டி.வி.டி. முறையைச் சார்ந்தது, அதற்கான இணைப்புக் கருவிக்குத் தனியே 199 டாலர். 2008 பிப்ரவரியில் தோஷிபா அம்முறையைக் கைவிட்டதும், வாங்கியோர் செலவிட்ட பொருள் விழலுக்கு இறைத்த நீராயிற்று.

எனினும் பெயரும் விலையும் மட்டுமே அளவுகோல் ஆகா. 2016இல் வந்த பிளேஸ்டேஷன் 4 புரோ, 4கே புளூ-ரே தகடுகளை ஏற்கவில்லை. அதே ஆண்டில் 299 டாலருக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் ஏற்றது.

விளையாட்டுக் கருவி மின்சாரத்தை மிகுதியாகக் கொள்ளும். விசிறியின் இரைச்சல் அமைதியான காட்சிகளைக் கெடுக்கும் என்பாரும் உளர். அது மெய்யே. எனவே, படம் மட்டும் காண விழைவோர்க்குத் தனிக் கருவியே போதும். இரண்டையும் விரும்புவோர்க்கே இரட்டைப் பயன் இலாபமாகும்.

இனி, எம் உள்ளத்தை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. 2020 முதல் பிளேஸ்டேஷன் 5இன் ஒரு வகையும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் கருவியும் தகடு செலுத்தும் வாயிலின்றியே விற்பனைக்கு வந்தன. 'இணையத்தில் படம் வாங்கிக்கொள்ளலாமே' எனலாம். ஆனால் 2021 ஆகஸ்டு 31இல் சோனி தன் இணையக் கடையில் திரைப்பட விற்பனையை நிறுத்தியது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் முன்னரே விலை கொடுத்து வாங்கிய ஸ்டுடியோகனால் நிறுவனப் படங்களையும் இனிக் காண இயலாது என 2022இல் அறிவித்தது.

தகட்டைக் கையில் கொண்டவர் உடைமையாளர். கொள்ளாதவர் வாடகைக் குடியிருப்பாளரே. ஆகவே, கருவி வாங்குவோர் முதற்கண் நோக்க வேண்டியது அத்தகட்டின் வாயிலையே என்பது எம் துணிபு. மாங்காய் இரண்டும் வீழ்ந்தால் மட்டும் போதாது. அவை நம் கையிலும் தங்குதல் வேண்டும்.