ஏரிப் படகை யார் கணக்கில் சேர்ப்பது?

பொன்னேரி டீக்கடை டிவியில் நாலு பேர் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். எண்ணெய்க்கு மாற்று ஹைட்ரஜனா, பேட்டரியா, குறைவாகக் குடிக்கும் இன்ஜினா? பேச்செல்லாம் கார், லாரி, ரயில். விடியுமுன் டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடக்கிற பழவேற்காட்டு மீனவன் பேச்சை ஒருத்தர்கூட எடுக்கக் காணோம்.

எண்ணெயின் கெடுதலை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், எண்ணூர்க் கழிமுகத்தில் படகிலும் வலையிலும் அப்பிக்கொண்டது. அந்த எண்ணெயைத்தான் காசு கொடுத்து வாங்கி ஊற்றிக் கடலுக்குப் போகிறோம். டீசலுக்கு வரிவிலக்கு என்று பேர். மீன் படாத நாளிலும் இன்ஜின் குடிப்பதைக் குடித்துவிடும். முகத்துவாரத்தில் மண் மேடிட்டால், அலையோடு மல்லுக்கட்ட அதற்கும் தனியாக எரியும்.

ஹைட்ரஜன் கூடாது என்று யார் சொன்னது? 2023இல் ஒன்றிய அரசு அதற்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2025இல் சென்னை ஐ.சி.எஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்தார்கள். 2024 பிப்ரவரியில் ஹைட்ரஜன் படகுக்கே பிரதமர் தூத்துக்குடியில் கொடியசைத்தார். கட்டியது கொச்சியில், ஓடுவதற்குப் போனதோ காசிக்கு!

கணக்கையும் பாருங்கள். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் கரண்ட் வேண்டும். அதை மறுபடி கரண்டாக்கி மோட்டாரைச் சுற்றினால் 20 யூனிட்கூடத் தேறாது. நேரே பேட்டரியில் ஏற்றினால் முக்கால்வாசி மிஞ்சும். பழவேற்காடு ஏரிக்குள்ளேயே வலை போட்டுத் திரும்புகிற படகுக்கு பேட்டரியும் சோலாரும் போதாதா? கேரளத்தின் வைக்கத்தில் 75 பேரை ஏற்றும் சோலார் படகு 2017லேயே ஓடத் தொடங்கிவிட்டது. கடலுக்குப் போகிற படகுக்குப் பொருத்தமான புரொப்பல்லர் மாட்டி, வேகத்தைக் கொஞ்சம் தணித்தாலே டீசல் மிச்சம். குறைவாகக் குடிக்கும் 'சாகர் ஹரிதா' என்ற படகைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2016லேயே இறக்கிக் காட்டியதே, அந்த வித்தை இந்தக் கரைக்கு வர இன்னும் எத்தனை வருஷம் ஆகும்?

2030இல் வரப்போவதைப் பற்றி தாராளமாகச் சண்டை போடுங்கள். நடுவில் ஒரு விளம்பர இடைவேளையிலாவது, சின்னப் படகுக்கு மோட்டார் வாங்கக் கடன் எங்கே, மானியம் எங்கே, கெட்டுப்போனால் பழுதுபார்க்க ஆள் எங்கே என்று கேட்டுத் தொலையுங்களேன், ஐயா!