பன்னிரண்டு பிஸ்கட்டும் ஓர் அழைப்புமணியும்

படக்கதைப் புத்தகம் குழந்தைக்குக் கணிதம் கற்றுத்தருவது, கதைக்கு எண் தேவைப்படும்போதுதான். பெரிதாக ‘3’ என்று அச்சிட்டு, பக்கத்தில் மூன்று மாம்பழம் வரைந்த புத்தகங்கள் கடைகளில் ஏராளம். எண்ணின் பெயரையும் வடிவத்தையும் பழக்க அவை உதவும். ஆனால் குழந்தை யோசிப்பதற்கு அவற்றில் வேலை இல்லை. கதையில் ஒருவர் பங்கு கேட்டு வந்தாலோ, ஏதோ ஒன்று பெருகிக்கொண்டே போனாலோ நிலைமை வேறு. அடுத்து என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் குழந்தை கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

எண்ணுவது பெரியவர்களுக்குத் தோன்றும் அளவுக்கு எளிய காரியம் அல்ல. ரோச்செல் கெல்மன், சி. ஆர். காலிஸ்டல் என்ற உளவியலாளர்கள் 1978இல் வெளியிட்ட நூலில் அதை ஐந்து விதிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஓர் எண்தான் சொல்ல வேண்டும். எண்களின் வரிசை மாறக்கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். எந்தப் பொருளையும் எண்ணலாம். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் விடை ஒன்றே. பத்து வரை மனப்பாடமாக ஒப்பிக்கும் மூன்று வயதுக் குழந்தையிடம் ஐந்து கூழாங்கற்களை எண்ணச் சொன்னால், ஒரே கல்லை இரண்டு முறை தொடுவதும், எண்ணி முடித்தபின் “மொத்தம் எத்தனை?” என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதும் உண்டு.

இந்தக் கட்டத்துக்குப் பொருத்தமான புத்தகம் எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட ‘தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’. பசித்த கம்பளிப்புழு திங்களன்று ஓர் ஆப்பிளையும், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய்களையும் துளைத்துச் செல்கிறது. வெள்ளிக்கிழமை ஆரஞ்சுப் பழம் ஐந்து ஆகிவிடுகிறது. ஒவ்வொரு பழத்திலும் உண்மையாகவே ஓட்டை போடப்பட்டிருக்கிறது. குழந்தை விரலை விட்டு எண்ணும்போது ஓர் ஓட்டைக்கு ஓர் எண் என்பது தானாகவே அமைகிறது. பழம் கூடக்கூடப் பக்கத்தின் அகலமும் கூடுவதால், ஒவ்வொரு நாளும் ஒன்று அதிகம் என்பது கண்ணுக்கே தெரிகிறது. சனிக்கிழமை தின்ற பத்துப் பண்டங்களையும் சேர்த்தால் மொத்தம் 25. சற்றுப் பெரிய குழந்தைக்கு அது நல்ல கூட்டல் கணக்கு.

வகுத்தலுக்கு பாட் ஹச்சின்ஸின் ‘தி டோர்பெல் ராங்’ (1986). அம்மா 12 பிஸ்கட் சுட்டு வைக்கிறார். சாம், விக்டோரியா இருவருக்கும் ஆளுக்கு ஆறு. வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அழைப்புமணி அடிக்கிறது. இருவர் வருகிறார்கள், பங்கு மூன்றாகிறது. மறுபடி மணி, மேலும் இருவர், ஆளுக்கு இரண்டு. அடுத்து ஒரே சமயத்தில் ஆறு பேர், ஆளுக்கு ஒன்று. அப்போதும் மணி அடிக்கிறது. இனி யாராவது வந்தால் என்ன செய்வது என்ற கவலை கேட்கும் குழந்தையையும் பற்றிக்கொள்கிறது. வாசலில் நிற்பது தட்டு நிறையப் பிஸ்கட்டோடு வந்த பாட்டி.

வாய்பாடு தெரியாத ஐந்து வயதுக் குழந்தைக்கும் ஆள் கூடினால் பங்கு குறையும் என்பது இதில் விளங்கிவிடும். கதை முடிந்ததும் 12 புளியங்கொட்டைகளைக் கொடுத்தால் குழந்தைகளே பங்கு வைத்துப் பார்ப்பார்கள். ஐந்து பேர் உட்கார்ந்தால் இரண்டு கொட்டை மிஞ்சும். மீதி என்னும் கருத்து அங்கே அறிமுகமாகிறது.

பூஜ்யத்தைப் படமாகக் காட்டியவர் ஜப்பானிய ஓவியர் மிட்சுமாசா அன்னோ. தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். எண்ணுதல் பற்றிய இவருடைய சொற்களற்ற புத்தகம் 1975இல் வந்தது. முதல் படம் பனி மூடிய வெற்று நிலம். அங்கே எதுவும் இல்லை. அடுத்தடுத்த படங்களில் ஒரு வீடு, இரண்டு வீடு என ஊர் உருவாகி, மாதங்கள் நகர்ந்து 12இல் முடிகிறது. எதை எண்ணுவது என்று புத்தகம் சொல்வதில்லை. வீடு, மரம், ஆள் என்று குழந்தையே தேடிப்பிடிக்க வேண்டும்.

கணிதம் எண்ணோடு முடிவதில்லை. ஹச்சின்ஸின் ‘ரோஸீஸ் வாக்’ (1968) கதையில் ஒரு கோழி முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோல்போரின் மேலேறி, வேலிக்குள் புகுந்து வீடு திரும்புகிறது. மேலே, கீழே, ஊடே, சுற்றி என்ற இட உணர்வே வடிவியலின் தொடக்கம். ஏழெட்டு வயதுக்கு டெமியின் ‘ஒன் கிரெய்ன் ஆஃப் ரைஸ்’ (1997) பொருந்தும். இந்திய நாட்டுப்புறக் கதையைத் தழுவிய இதில், ராணி என்ற கிராமத்துச் சிறுமி அரசனிடம் ஒரே ஓர் அரிசி கேட்கிறாள். நாள்தோறும் அதை இரட்டிப்பாக்கி 30 நாள் தர வேண்டும் என்பது ஏற்பாடு. பத்தாம் நாள் கிடைப்பது வெறும் 512 அரிசி. முப்பது நாளில் சேர்வது நூறு கோடிக்கும் மேல்.

புத்தகம் நல்லதாக இருந்தாலும் படித்துக்காட்டும் விதம் முக்கியம். முதல் முறை கதையை இடைமறிக்காமல் படித்துவிட வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் “எத்தனை?” என்று கேட்டால் கதை பரீட்சையாகிவிடும். இரண்டாம் முறை கேள்விகள் வரலாம். “எத்தனை?” என்பதைவிட “எப்படிக் கண்டுபிடித்தாய்?” என்ற கேள்விக்குக் குழந்தை அதிகம் பேசும்.

நெதர்லாந்தில் மர்யா வான் டென் ஹியூவல்-பன்ஹாய்சன் குழுவினர் 18 மழலையர் வகுப்புகளில் நடத்திய ஆய்வில், பாதி வகுப்புகளில் மூன்று மாதம் படக்கதைகள் படித்துக்காட்டப்பட்டன. ஆசிரியர்கள் பாடம் நடத்தவில்லை. தமக்குத் தாமே உரக்கக் கேட்டுக்கொள்வது, தெரியாததுபோல் நடிப்பது, வியப்போடு பார்ப்பது ஆகியவையே அவர்களுக்குச் சொல்லப்பட்ட வழிகள். அந்த வகுப்புக் குழந்தைகள் கணிதத் தேர்வில் மற்ற வகுப்பினரைவிட ஓரளவு கூடுதலாக முன்னேறினர்.

முன்னேற்றம் ஓரளவுதான் என்பதையும் கவனிக்க வேண்டும். படக்கதை வாய்பாட்டுக்கோ எழுத்துப் பயிற்சிக்கோ மாற்று அல்ல. 12ஐ நான்கால் வகுக்க வேண்டும் என்று பின்னாளில் கரும்பலகையில் வரும்போது, அது எதைப் பற்றிய கணக்கு என்று குழந்தைக்கு முன்பே தெரிந்திருக்கச் செய்வதே அதன் வேலை.